சேனைக்குக் காத்திருந்த குழந்தை

பச்சைக் குழந்தையை ஒரு பகல், ஓர் இரவு, மறுநாள் உச்சி வரைக்கும் பட்டினி போட்டவர் எங்கள் லேடி டாக்டர். அறுபதுகளில் செஞ்சிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பிரசவ விடுதியில் அவருக்குக் கீழே நர்ஸாக வேலை பார்த்தவள் நான்.

பிலோமினாவுக்கு விடியற்காலையில் பெண் பிறந்தது. எங்கள் பக்கத்தில் முதலில் சேனை வைப்பார்கள். யார் சர்க்கரைத் தண்ணீரை நாக்கில் வைக்கிறார்களோ, அவர்களைப் போலவே பிள்ளை வரும் என்று நம்பிக்கை. அதுவரை தாய்ப்பால் கிடையாது. அவள் மாமியார் டாக்டரையே சேனை வைக்கச் சொல்லிக் கேட்டார். டாக்டருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "நானே வெக்கிறேன், வெயிட் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு மீட்டிங்குக்கு விழுப்புரம் பஸ் ஏறினார். சாயந்திரம் வரவில்லை. மறுநாள் காலையிலும் வரவில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்து பத்து நாள். பயத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அது என் தப்பு.

உச்சி வெயிலில் ஜன்னலுக்கு வெளியே ராஜகிரிக் கோட்டை மலை, தண்ணீருக்குள் தெரிவதுபோல அசைந்துகொண்டிருந்தது. வார்டில் எல்லோரும் பாதித் தூக்கத்தில். குழந்தை அழுகையை நிறுத்தி வெகுநேரம் ஆகியிருந்தது. உதடு காய்ந்திருந்தது. கனவில் நடப்பவள் மாதிரி எழுந்து போனேன்.

"பால் குடுக்கணும். இப்பவே."

மாமியார் முறைத்தார். "இன்னா நர்ஸம்மா அவசரம்? டாக்டரம்மா வெச்சா டாக்டராவும். நீ வெச்சா ஊசிய தூக்கிகினு திரியும்."

"யாரும் வெக்க வேணாம். அம்மாகிட்ட குடுங்க."

"இவகிட்டயா? மல்லாட்டக் கொல்லயில களை வெட்டத்தான் போவும்."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்த பிலோமினா எழுந்து உட்கார்ந்தாள். "நான் களை வெட்டுன காசுலதான அத்தே நீ சோறு துன்ற? குடு நர்ஸம்மா."

குழந்தையின் வயிறு அவள் வயிற்றோடு ஒட்டும்படி பிடித்தேன். வாய் பெரிதாகத் திறந்தபோது, காம்போடு கறுப்பு வட்டமும் உள்ளே போகும்படி அணைத்தேன். இரண்டு முறை வழுக்கியது. மூன்றாவது முறை பிடித்துக்கொண்டது. மஞ்சளாகச் சீம்பால். விழுங்கும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தில் வார்டே மிதந்தது. மாமியாரின் விசிறி மெதுவாகி நின்றது. எவ்வளவு நேரம் போனதோ, தெரியாது.

டாக்டர் மூன்று மணி பஸ்ஸில் வந்தார். குழந்தையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "யாரக் கேட்டுக் குடுத்தே?" குடும்ப வழக்கத்தை அவமதித்தேன் என்று மெமோ கொடுத்தார்.

அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை நான் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் பிள்ளை மார்பில் இருக்க வேண்டும். சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டக் கூடாது. சர்க்கரைத் தண்ணீர் வேண்டாம். புதிதாக வேலைக்கு வரும் பெண்களே, இதற்கு யார் உத்தரவையும் எதிர்பார்த்து நிற்காதீர்கள்.

டாக்டரம்மா, இப்போது தாய்ப்பாலைப் பற்றி மேடை மேடையாகப் பேசுகிறீர்கள். அடுத்த கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, எல்லோருக்கும் கேட்கும்படி பதில் சொல்லுங்கள். நீங்கள் இன்னும் ஒரு நாள் வராமல், நானும் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால், அந்த மெமோவை யாருக்குக் கொடுத்திருப்பீர்கள்?