கரையேற்றுவார் என்று சொன்ன பின்

1936, பங்குனி, வியாழக்கிழமை. ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சந்தை வாசலில் மாலை நான்கு மணிக்குப் பிரசங்கம். நின்று கேட்டவர் பதினொருவர். சுவிசேஷப் பிரதி வாங்கியவர் இருவர். கேள்வி ஒன்று.

மிஷனுக்கு அனுப்பிய அறிக்கையில் இவ்வளவே எழுதினேன். கேள்வி என்னவென்று எழுதவில்லை. புதிதாக ஊழியத்துக்கு வரும் உபதேசிமாருக்காக இப்போது எழுதுகிறேன்.

இரட்சிப்பு என்ற சொல் சந்தையில் விளங்காது என்று கருதி, இயேசு ஒருவரே உங்களைக் கரையேற்றுவார் என்று பேசிவந்தேன். அன்று பருத்தி விற்க வந்த மகாராஜபுரத்துச் சம்சாரி ஒருவர், வெள்ளைச்சாமி என்று பெயர், பருத்திச் சாக்கின் மேலிருந்து எழுந்தார்.

"ஐயா, எனக்கு மூணு பொட்டப்புள்ள. ஒங்க சாமி மூத்தவள மட்டும் கரையேத்திவிட்டாப் போதும். மத்த ரெண்டையும் நான் பாத்துக்கிடுதேன்."

கூட்டம் சிரித்தது. நான் சொன்னது பாவக்கடலை; அவர் கேட்டது கல்யாணத்தை. வேறுபாட்டைக் கால்மணி நேரம் விளக்கினேன். அதற்குள் பாதிப் பேர் போய்விட்டனர்.

மறு ஆண்டு அவர் இராஜபாளையத்தில் என் வீட்டைத் தேடி வந்தார். மூத்தவளுக்கு மணம் முடித்ததாகவும், முதல் பிரசவத்திலேயே அவள் இறந்துவிட்டதாகவும் சொன்னார். பிறகு கேட்டார்.

"நீங்க சொன்ன அந்தக் கரை இருக்குல்லா, அதுல அவ ஏறியிருப்பாளா?"

வேதசாஸ்திரக் கலாசாலையில் கிரேக்கமும் தர்க்கமும் படித்தவன் நான். விசுவாசியாதவர்க்கு வழியில்லை, ஆகையால் அவளுக்கும் இல்லை என்று, ஆதார வசனங்களோடு, குரல் உயர்த்தாமல் சொன்னேன். அவர் என் மனைவி கொடுத்த மோரைக் குடித்தார். சொம்பை அவளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

"அவிய என்ன, பரீட்சைக்கா வந்தாக?" என்றாள் அவள்.

சென்ற ஐப்பசியில் என் மனைவியை அடக்கம் செய்தோம். எட்டாம் நாள் வெள்ளைச்சாமி பஸ் ஏறி வந்தார். திண்ணையில் உட்கார்ந்து சொன்னார்.

"மோர் தந்த அம்மா கரையேறிட்டாக, ஐயா. அதுல சந்தேகப்படாதீக."

ஆதாரம் ஒன்றும் அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கரையேற்றுகிறவர் கிறிஸ்து ஒருவரே. யார் எதிர்த்துக் கேட்டாலும் இன்றும் அதையே சொல்வேன். ஆனால் யாரை ஏற்றினார், யாரை விட்டார் என்று பெயர் வாசிக்கும் வேலையை அவர் எனக்குத் தரவில்லை. தராத வேலையை ஒருநாள் செய்தேன்.

செய்யாமல் நிற்பவை:

மிஷனுக்குப் பழைய அறிக்கையைத் திருத்தி எழுதுவது.

என் மனைவியின் கல்லறைக்கு வசனம் தேர்ந்தெடுப்பது.

மகாராஜபுரம் போவது.

வெள்ளைச்சாமியின் மூத்த மகள் பெயரைக் கேட்பது.