சூடு திரும்பிய கால்

ஐ.சி.யு.வுக்குள் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்தபோது அந்த மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார். பெயர் சிலுவைதாசன். கடியப்பட்டணத்துக்காரர், மீன்பிடித் தொழிலாளி. அலையைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிப் போட்டிருக்கும் தூண்டில் வளைவுப் பாறைகளில் வலை சிக்கிவிட்டதென்று காலையில் இறங்கியிருக்கிறார். ஒரு கல் புரண்டு வலது தொடையை இறுக்கிவிட்டது. எலும்பு முறியவில்லை. ஆனால் கல்லை நகர்த்த கிரேன் வந்து சேர மதியமாகிவிட்டது. அதுவரைக்கும் தொடைக்குக் கீழே ரத்த ஓட்டம் இல்லை.

எங்களிடம் வந்தபோது கால் மறுபடி சூடாகியிருந்தது. விரல்கள் சிவந்திருந்தன. பாதத்தில் பல்ஸ் கிடைத்தது. அவர் மனைவி புஷ்பம் மீன் விற்கப் போன இடத்திலிருந்து அப்படியே ஓடி வந்திருந்தாள். காலைத் தொட்டுப் பார்த்ததும் தரையில் உட்கார்ந்து அழுதாள்.

"காலுக்கு உசிரு வந்திட்டு சிஸ்டர். மாதா காப்பாத்திட்டா."

சர்ஜன் முகத்தில் மட்டும் சிரிப்பில்லை. "சிஸ்டர், கால் இருக்கட்டும். யூரினையும் மூச்சையும் விடாமப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, பொட்டாசியம் பார்க்க ரத்தம் எடுக்கச் சொன்னார்.

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பதை, இப்போது நர்ஸ் வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். ரத்தம் கிடைக்காத தசை நேரம் ஆக ஆகச் சாகத் தொடங்கும். அடைப்பு இருக்கும்வரை அந்தக் கேடு காலோடு கிடக்கும். அடைப்பு விலகி ரத்தம் பாய்ந்ததும், செத்த தசையிலிருந்து கசிந்ததெல்லாம் உடம்பு முழுக்கப் போகும். காயத்தைக் கவனிக்கக் கிளம்பும் வெள்ளை அணுக்களும் நிலை தெரியாமல் நுரையீரலிலும் சிறுநீரகத்திலும் போய் அழற்சியை உண்டாக்கும். அந்த உறுப்புகளில் ஒரு கீறல்கூட விழுந்திருக்காது.

வாயில எதுக்கு டியூப்பு?

சாயங்காலம் யூரின் பேக்கில் பால் ஊற்றாத கட்டன் சாயா நிறத்தில் கொஞ்சம் இறங்கியது. பிறகு அதுவும் நின்றது. கால் வீங்கி இறுகியதால், தோலையும் தசையைச் சுற்றிய உள்ளுறையையும் நீளமாகக் கீறி வீக்கத்துக்கு இடம் கொடுத்தார்கள். மறுநாள் காலையில் மாஸ்க் வைத்தும் ரத்தத்தின் ஆக்சிஜன் சாச்சுரேஷன் நிற்கவில்லை. எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரலும் வெளுத்துக் கிடந்தன. வென்டிலேட்டர் போட்டு, டயாலிசிஸும் தொடங்கினோம்.

முட்டத்திலிருந்து அவருடைய அண்ணன் வந்தார். வரும்போதே சத்தம்தான்.

"காலுல அடிபட்டவனுக்கு வாயில எதுக்கு டியூப்பு? கிட்னிக்கு எதுக்கு மெஷின்? நேத்து சிரிச்சிட்டு வந்த ஆளாக்கும். என்ன ஊசிய போட்டிய?"

மாற வேண்டிய ஆள் வராததால் எனக்கு அன்று தொடர்ந்து இரண்டாவது ட்யூட்டி. கால் கடுத்தது. இந்த மாதிரிச் சத்தம் பணிக்காலம் முழுக்கக் கேட்டுக் கேட்டுக் காது மரத்துவிட்டது. ஆனாலும் அவர் கேட்டதில் தப்பில்லை. பார்க்கிறவர்களுக்கு அப்படித்தான் தோன்றும்.

சர்ஜன் அண்ணனையும் புஷ்பத்தையும் உட்கார வைத்துப் பேசினார். "காலுக்குள்ள சதை முக்காவாசி செத்துப் போச்சு. அது உடம்போட இருக்கிற வரைக்கும் கேடு மேல போய்க்கிட்டே இருக்கும். கால எடுத்தா பொழைக்க வழி உண்டு. எடுக்கலேன்னா எனக்குத் தெரிஞ்சு வழி இல்ல."

அண்ணன் எழுந்துவிட்டார். "பாதம் சூடா இருக்கு, செவப்பா இருக்கு. உசிருள்ள கால வெட்டுவியளா? கடலுக்குப் போறவனாக்கும் டாக்டரே. ஒத்தக் காலோட எழும்பினாம்னா எங்கள மன்னிக்கமாட்டான்."

புஷ்பம் என்னை வெளியே கூட்டிக்கொண்டு போனாள். "சிஸ்டர், உங்க வீட்டு ஆளா இருந்தா என்ன செய்விய?"

எந்த நர்ஸுக்கும் பிடிக்காத கேள்வி அது. சர்ஜனிடம் கேட்டுவிட்டு, அவளுக்குக் கவுன் மாட்டி உள்ளே அழைத்துப் போனேன். அவளை நிற்க வைத்துக்கொண்டே டிரெஸ்ஸிங்கைப் பிரித்தேன். தோல் சூடாகத்தான் இருந்தது. கீறிய இடத்துக்குள் தசை சாம்பல் பூத்துக் கிடந்தது. தொட்டால் துடிக்கவில்லை. அவள் தினமும் மீன் அறுக்கிறவள். செத்துக் கெட்ட சதை எதுவென்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. குனிந்து உள்ளே பார்த்தாள்.

"எடுக்கச் சொல்லுங்க."

வெளியே நின்ற அண்ணன் அதைக் கேட்டதும் படியிறங்கிப் போனார்.

திரும்பிப் படுத்தவர்

அன்றே ஆபரேஷன் செய்து காலை எடுத்தார்கள். நுரையீரல் மெல்ல மெல்லத் தெளிந்தது. வென்டிலேட்டரை எடுத்தோம். அதற்குப் பிறகும் டயாலிசிஸ் ஓடியது. ஒரு நாள் பேக்கில் மஞ்சளாக யூரின் வந்தபோது, எதற்கும் அசையாத எங்கள் வார்டு முழுக்க வந்து எட்டிப் பார்த்தது.

அவருக்குத் தெளிவு வந்ததும் முதலில் போர்வையைத்தான் தூக்கிப் பார்த்தார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். வெட்டச் சம்மதித்தது புஷ்பம்தான் என்று அண்ணன் வந்து சொல்லிப் போயிருந்தார். அவள் கஞ்சி கொடுத்தால் இவர் வாய் திறக்கமாட்டார். நாங்கள் கொடுத்தால் குடிப்பார். அவள் ஸ்பூனை எங்களிடம் நீட்டிவிட்டு ஒதுங்கி நிற்பாள்.

ஒரு நாள் டிரெஸ்ஸிங் செய்யும்போது கேட்டார். "சிஸ்டரே, வெட்டும்போ காலுக்குச் சூடு இருந்திச்சா? அண்ணன் சொன்னான்."

"இருந்திச்சு."

"பின்ன?"

"உள்ள சதை செத்துப் போச்சு. அதுக்குள்ள ஓடி வந்த ரத்தமாக்கும் உங்க மூச்சையும் கிட்னியையும் கெடுத்திச்சு. விட்டிருந்தா நீங்க இல்ல."

"அவளுக்கு இது தெரியுமா?"

"கண்ணால பாத்திட்டுத்தான் சொன்னா. உங்க அண்ணன் அவ்வளவு சண்டை போட்டும் சொன்னா."

அன்றைக்கு அவர் சுவர்ப்பக்கம் திரும்பவில்லை.

டிஸ்சார்ஜ் அன்று சக்கர நாற்காலியில் உட்கார்ந்ததும் அவளிடம் முதல் பேச்சு வந்தது. "ஏட்டி, பையப் பாத்து எடு. அடி பிஞ்சு கெடக்கது கண்ணுக்குத் தெரியல்லியா?"

இன்னும் கோபம் தீரவில்லை போலிருக்கிறது என்று நான் மெதுவாகச் சொன்னேன். புஷ்பம் பையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

"அவிய ஏசட்டும் சிஸ்டர். ஏசதுக்கு ஆள் இருக்குல்லா."

நான் ஓய்வு பெற்று இப்போது இராஜாக்கமங்கலத்தில் இருக்கிறேன். பிள்ளைகளே, இறுக்கம் விலகிக் கால் சிவந்து வந்தால் அங்கே வேலை முடிவதில்லை, தொடங்குகிறது. மூச்சையும் யூரினையும் விடாமல் பாருங்கள். இது எந்தப் புத்தகத்திலும் இருக்கும். புத்தகத்தில் இல்லாத ஒன்றும் உண்டு. ட்யூட்டி முடிந்தால் நாம் பஸ் ஏறிவிடுவோம். சம்மதம் சொன்னவள் அந்த முடிவோடு அதே வீட்டில் இருந்தாக வேண்டும். அதனால் நோயாளிக்குத் தெளிவு வந்ததும், எவ்வளவு அலுப்பாக இருந்தாலும், ஏன் வெட்டினோம் என்பதை நம் வாயால் சொல்லிவிடுங்கள். அதை அவள் சொல்ல விட்டுவிடாதீர்கள்.