கஸ்பார் மேல் படக் கூடாத காற்று

அந்த மே மாதம் கஸ்பார் கானுல் தூங்கவே இல்லை. எதிர்வீட்டிலிருந்து பார்த்தவள் சொல்கிறேன். கொஞ்சம் மிகை கலந்திருந்தால் அது எங்கள் ஊர் மெரிதாவின் வெயில் செய்த வேலை. இரவெல்லாம் அடுப்பின் முன் நின்று எங்கள் தெருவுக்கே ரொட்டி சுட்டுவிட்டு, காலையில் வந்து, சுவர்க் கொக்கிகளில் கட்டிய வலைத்தூளியில் விழுவான். அதற்குள் கூரை காய ஆரம்பித்துவிடும். தூளியை அவிழ்த்து அடுத்த சுவரின் கொக்கியில் மாட்டுவான். அங்கும் வேர்க்கும். கூடம், சமையலறை, கொல்லை என்று வீடு முழுக்கச் சுற்றுவான். ஒரு நாள் தெருவைக் கடந்து வந்து, கேட்காமலேயே என் முன்னறைக் கொக்கிகளில் மாட்டிக்கொண்டான். அவன் வேர்வை சொட்டிய இடத்தில் மறுவாரம் பூசணி முளைத்தது.

விளையாட்டில்லை. அடுப்படியில், ரொட்டி எடுக்கும் நீளத் துடுப்பில் நெற்றியைச் சாய்த்து நின்றபடியே அவன் தூங்கிவிட, ஒரு தட்டு கரியாகிப் போனது. முதலாளி அபுந்தியோ சொல்லிவிட்டார்: "இன்னொரு தட்டு கருகுச்சுன்னா நீ வேற அடுப்பு பாத்துக்க."

சீலிங் ஃபேன் வாங்கியே ஆகவேண்டும் என்று கஸ்பார் முடிவு செய்தான். அவன் மனைவி லண்டிதான் கூடவே கூடாது என்றாள். அவள் அப்பா சுண்ணாம்புச் சூளையில் வேலை பார்த்தவர். ஒருநாள் சூட்டோடு வந்து ஃபேன் முன்னால் நின்றார். வாய் காதுப் பக்கம் போய்விட்டது. சாகும்வரை சூப்பை ஓரமாகத்தான் குடித்தார். எங்கள் ஊரில் இதை யாரும் சந்தேகிப்பதில்லை. நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக் கொடுத்தவள். நானே இஸ்திரி போட்ட கையை உடனே தண்ணீரில் வைக்க மாட்டேன்.

"அடுப்புலேருந்து வர்ற உடம்புய்யா அது. மேலேருந்து காத்து விழுந்தா வாய் கோணிக்கும்" என்றாள் லண்டி.

"கோணட்டும். கோண வாயோடயாவது தூங்குறேன்."

"அப்புறம் உனக்கு எவ முத்தம் குடுப்பா?"

"இப்ப மட்டும் யாரு குடுக்கறா?"

கடைக்கு இருவரும் போனார்கள். கஸ்பார் கக்கத்தில் தூளியைச் சுருட்டி எடுத்துக்கொண்டான். கடைக்காரர் ருபென், "எல்லாம் ஓடுது பாருங்க, கையை நீட்டிப் பாருங்க" என்றார்.

"கையா தூங்கப் போகுது?" என்று கேட்டுவிட்டு, கஸ்பார் இரும்புத் தூணுக்கும் ஜன்னல் கம்பிக்கும் நடுவே தூளியைக் கட்டிப் படுத்துவிட்டான். கயிற்றை நீட்டியும் குறுக்கியும் ஒவ்வொரு ஃபேனின் அடியிலும் புரண்டு பார்த்தான். ஒன்று முனகியது. விளக்கு வைத்த ஒன்றைப் பார்த்து, "தலைக்கு மேல கல்யாண மண்டபம் மாதிரி இருக்கு, எப்படித் தூங்கறது?" என்றான். வேடிக்கை பார்க்க வந்தவர்களும் முறை வைத்துப் படுத்துப் பார்த்தார்கள். லண்டி ஒவ்வொன்றின் கீழும் தன் சால்வை நுனியைப் பிடித்துக் காற்றை அளந்தாள். கடைசியில் முகம் மலர்ந்தது.

"இது நல்ல ஃபேன். துணி அசையவே இல்ல."

"அதுக்கு இன்னும் ஸ்விட்ச் போடலைம்மா" என்றார் ருபென்.

வெள்ளை நிறத்தில், மூன்று றெக்கையோடு ஒன்று வீட்டுக்கு வந்தது. மாட்ட வந்த ருசெல் ஏணி மேல் நின்றுகொண்டு, "எந்த இடத்துல?" என்றான்.

"தூளிக்கு நேர் மேல" என்றான் கஸ்பார்.

"அந்த மூலையில" என்றாள் லண்டி.

"மூலையில மாட்டினா றெக்கை செவுத்துல இடிக்கும் அக்கா."

"ஃபேன் இருக்கட்டும் தம்பி. காத்து இவன் மேல படக் கூடாது. அவ்வளவுதான்."

"அப்ப வாசல்ல மாட்டிடுறேன். தெருவாவது தூங்கும்."

நடு உத்தரத்தில்தான் மாட்டினார்கள். தூளி கட்டக் கையைத் தூக்கினால் றெக்கையில் படாமல் இருக்க ராடைக் குட்டையாக வெட்டினான் ருசெல். ஆனால் ரெகுலேட்டர் லண்டியின் ஆட்சியில் இருந்தது. உடம்பு ஆறும்வரை கஸ்பார் சட்டையின் எல்லாப் பொத்தானையும் போட்டுக்கொண்டு, ஓடாத ஃபேனின் கீழ் நாற்காலியில் உட்கார வேண்டும் என்பது அவள் சட்டம். மே மாத மெரிதாவில் உடம்பு எப்படி ஆறும்? அவள் அவன் பிடரியைத் தொட்டுத் தொட்டு, "இன்னும் சுடுது" என்பாள். மத்தியானம் ஆகிவிடும். அந்த வாரம் ஒரு தட்டு ஓரமெல்லாம் கருகியது. ஓரம் மட்டும்தான் என்பதால் அபுந்தியோ முறைத்ததோடு விட்டார். அடுத்தது முழுசாகக் கருகும் என்று தெருவுக்கே தெரியும்.

அப்புறம் ஒரு காலையில் கஸ்பார் என் கதவை இடித்தான். "டீச்சர், ஓடி வாங்க! லண்டி போயிட்டா!"

போகவில்லை. தூங்கிக்கொண்டிருந்தாள். கல்யாண வீட்டுச் சட்டைகளைக் கூலிக்கு விடியற்காலை முதல் இஸ்திரி போட்டவள், தண்ணீர் தெளித்த துணி உலரட்டும் என்று ஃபேனைப் போட்டுவிட்டு, சற்றே உட்காரலாம் என்று தூளியில் சாய்ந்திருக்கிறாள். இஸ்திரிப் பெட்டி இன்னும் சுட்டது. ஃபேன் முழு வேகத்தில் சுற்றியது.

"நிறுத்தேன்" என்றேன்.

"நிறுத்தினா வேர்க்கும் டீச்சர், வேர்த்தா இன்னும் மோசம்!" அவன் அவள் வாயையே பார்த்தபடி தூளியைச் சுற்றிச் சுற்றி நடந்தான். லண்டி கண் விழித்தாள்.

"விசில் அடி" என்றான்.

"என்னய்யா?"

"விசில் அடிடீ! வாய் நேரா இருக்கான்னு பாக்கணும்."

அவள் ஃபேனைப் பார்த்தாள், இஸ்திரிப் பெட்டியைப் பார்த்தாள். கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். பிறகு, பாவி, வாயை மெதுவாக ஒரு பக்கம் இழுத்தாள். கஸ்பார் முட்டி போட்டு மாதாவைக் கூப்பிட்டான். அதற்கப்புறம்தான் அடித்தாள் ஒரு விசில். மூன்று தெரு நாய்கள் வாசலில் வந்து நின்றன.

"பாத்தியா? கோணலையே!" என்றான் கஸ்பார்.

"பொம்பளை ரத்தம் மெல்ல ஓடும். அதான்" என்றாள். குரலில் பலம் இல்லை. "டீச்சர், நீங்க படிச்சவங்க, சொல்லுங்க."

"அடுப்புச் சூட்டை விட இஸ்திரிச் சூடு கெட்டதுன்னு நீதானே சொல்லுவே?" என்றேன்.

அவள் எழுந்து இடம் விட்டாள். "பொத்தானையாவது போட்டுக்க" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள், ஒரு கால் தரையில் இருக்க, கஸ்பார் தூங்கிப்போயிருந்தான்.

லண்டி நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் வாய்க்கு நேரே உட்கார்ந்தாள். அவன் கன்னம் உப்பினால் குனிந்தாள். எழுந்து ரெகுலேட்டரைக் குறைத்தாள், அவன் கழுத்தில் வேர்வையைக் கண்டதும் கூட்டினாள். விரலால் உதட்டைத் தொட்டாள்.

"எழுப்பிடாதே" என்றேன்.

"எழுப்பலை டீச்சர். வாய் இருக்கற எடத்துல இருக்கான்னுதான்..."

பொழுது சாயும்வரை அவன் அசையவில்லை. மறுநாள் காலை ரொட்டி பொன்னிறமாக வந்தது. அபுந்தியோ தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். தூங்காமல் சிவந்த கண்ணோடு லண்டி கதவைத் திறந்தாள். கஸ்பாரின் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி ஒருமுறை பார்த்துக்கொண்டாள். அவன் செருப்பைக் கழற்றுவதற்குள் அவளே ரெகுலேட்டரைத் திருப்பி மூன்றில் வைத்தாள். கொஞ்சம் யோசித்து இரண்டுக்குக் குறைத்தாள்.