குடுவைச் செடியும் செல்வியும்

1. தீப்பெட்டி

குடுவையில் செடி வளர்க்கும் டிஷ்யூ கல்ச்சர் லேபில் சேர்ந்த முதல் நாள், இன்சார்ஜ் மேடம் என் கையில் ஒரு தீப்பெட்டியைக் கொடுத்தார். அதற்கு முன் ஒன்பது வருஷம் சிவகாசிப் பக்கம் பட்டாசு கம்பெனியில் சரம் பின்னியவள் நான். அங்கே வாசலில் சோதனை போட்டுத்தான் உள்ளே விடுவார்கள். இடுப்பில் ஒரு தீக்குச்சி இருந்தாலும் வேலை போய்விடும். பக்கத்து ஷெட் வெடித்த மறுநாள் பயந்துபோய் அந்த வேலையை விட்டேன். வந்து சேர்ந்த இடத்தில் முதல் வேலையே விளக்கைக் கொளுத்துவது.

குடுவைக்குள் வளரும் சின்னச் செடியை எடுத்து, துண்டு போட்டு, ஒவ்வொரு துண்டையும் புதுக் குடுவையில் மீடியா என்கிற சத்துக்கூழ் மேல் நட வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஃபோர்செப்ஸ் இடுக்கியை ஸ்பிரிட்டில் முக்கி, கிருமி சாகத் தீயில் காட்ட வேண்டும். நான் முக்கினேன், தீயில் காட்டுவது போலப் பாவனை செய்தேன். நாலாம் நாள் என் நம்பர் எழுதிய குடுவைகளில் எல்லாம் வெள்ளைப் பூஞ்சை.

மேடம் திட்டவில்லை. எனக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். "அங்க தீ பட்டா உயிர் போகும். இங்க தீ படலைன்னாதான் போகும். காட்டுங்க" என்றார். காட்டினேன். முகத்தைத் திருப்பாமல் தீயில் காட்ட ஒரு மாதம் ஆயிற்று.

தீ பழகிவிட்டது, பேசாமல் இருப்பதுதான் பழகவில்லை. வாயைத் திறந்தால் கிருமி குடுவைக்குள் போகும் என்பதால் நாள் முழுக்க முகமூடி. காதில், மேஜை மேல் சுத்தக் காற்று ஊதும் லேமினார் மெஷினின் இரைச்சல் மட்டும். சரம் பின்னும் ஷெட்டில் செல்வி என் பக்கத்தில் உட்கார்ந்து, ராத்திரி வைத்த குழம்பில் தொடங்கி இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு எந்த வெள்ளிக்கிழமை போவது என்பது வரை பேசிக்கொண்டே இருப்பாள். லேபில் என் பக்கத்தில் ஒரு காலி ஸ்டூல் கிடந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் செல்வி ஞாபகம் வரும்.

2. வெம்பக்கோட்டைக்காரர் கேட்ட கேள்வி

வரப்போரம் வைக்கத் தேக்குக் கன்று கேட்டு வெம்பக்கோட்டையிலிருந்து ஒரு விவசாயச் சம்சாரி வந்தார். "வெத போட்டா மொளைக்காதாம்மா? இதுக்கு எதுக்கு இம்புட்டு பாடு?" என்று கேட்டார்.

மேடம் பொறுமையாகச் சொன்னார். விதை முளைக்கும், ஆனால் பாதி முளைக்காமல் போகும், முளைத்தவையும் ஒன்று போல ஒன்று இருக்காது. குடுவைச் செடி எல்லாம் ஒரே தாயின் துண்டு என்பதால் ஒரே சீராக வரும். ஆனால் விதை தன் சாப்பாட்டையும் தோலையும் கொண்டுவருகிறது. முளைத்த நாளிலிருந்தே வெயிலும் காற்றும் அதற்குப் பழக்கம். குடுவைச் செடிக்கு அந்தத் தெம்பு கிடையாது. அப்படியே வெளியில் வைத்தால் மத்தியானத்துக்குள் துவண்டுவிடும். நிழல்வலைக்குள் ஈரத்தில் வைத்து, நாளுக்கு நாள் கொஞ்சமாக வெளிக்காற்று காட்டிப் பழக்க வேண்டும். இதற்கு ஹார்டனிங் என்று பேர்.

அன்றிலிருந்து ஹார்டனிங் ஷெட்டுக்குப் போகும்போதெல்லாம் செடிகளைத் தொட்டுப் பார்ப்பேன். ஒரு நாள்கூட அவசரப்பட்டு வெயிலில் வைத்ததில்லை.

3. செல்வி வந்த வாரம்

ஒரு இடம் காலியானதும் மேடத்தின் கையைக் காலைப் பிடித்து செல்வியைச் சேர்த்துவிட்டேன். அவளை வெடி மருந்துப் பக்கத்திலிருந்து எடுத்துவிட வேண்டும் என்பதுதான் என் நினைப்பு. எனக்கும் துணை வேண்டியிருந்தது, அதையும் மறைப்பானேன்.

செல்விக்குத் தீயைப் பார்த்துப் பயமே இல்லை. முதல் நாளே அலட்சியமாகக் கொளுத்தினாள். ஆனால் முகமூடியைக் கீழே இழுத்துவிட்டு என் பக்கம் திரும்பிப் பேசினாள். நான் கையைக் காட்டி அடக்குவேன். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் பேசுவாள். அவள் குடுவைகளிலும் பூஞ்சை வந்தது. மேடம் இன்னும் ஒரு வாரம் பார்ப்போம் என்றுதான் சொன்னார். செல்விதான் வேலையில் நிலைக்கவில்லை.

"அங்கன பயம் இருக்குதான்க்கா. ஆனா பேச்சுத் தொணைக்கு ஆள் இருக்கு. இங்கன உசுரோட இருக்கேனான்னே எனக்குத் தெரியல" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. "நான் இருக்கலையா?" என்றேன்.

"நீங்க இருந்துருவீக" என்று சொல்லிவிட்டுச் சாத்தூர் பஸ் ஏறினாள். திங்கட்கிழமை பழைய கம்பெனிக்கே போய்விட்டாள்.

குடுவையிலிருந்து எடுத்த செடியை ஒரே நாளில் வெயிலில் வைக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். செல்வியை அப்படித்தான் வைத்தேன். நான் எப்படியோ முளைத்துவிட்டேன் என்பதால் அவளும் முளைப்பாள் என்று நினைத்தேன். பிறகு நான் சூப்பர்வைசர் ஆனதும், புதிதாக வருகிறவர்களுக்கு முதல் மாதம் குடுவை கழுவும் இடத்தில் வேலை கொடுத்தேன். அங்கே பேசலாம். அப்புறம் லேமினாரில் அரை நாள், அதன்பிறகு முழு நாள். அப்படி வந்தவர்களில் பலர் வேலையில் நிலைத்தார்கள். அது செல்வி வந்தபோதே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

இன்றும் தூரத்தில் வெடிச்சத்தம் கேட்டால் எனக்கு வேலை ஓடாது. கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்பதால் செல்வி வீடு திரும்பும் வரை காத்திருந்து போன் போடுவேன். "இருக்கேன்க்கா" என்பாள். அவ்வளவுதான், வைத்துவிடுவோம்.