ஓடிக்கொண்டே 'நில்' என்றால் நாய் நிற்குமா?

ஆடி மாதத்து இரண்டாவது ஞாயிறு. காலை ஏழு மணி பத்து நிமிடம். மழை இல்லை, மேகம் மட்டும். பாலக்காட்டுப் பக்கமிருந்து வந்த காற்று, பீளமேட்டில் ஒரு கல்லூரி மைதானத்தில் வைத்திருந்த தாண்டுகம்பிகளை ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தது.

நாய்களுக்கான அஜிலிட்டி போட்டி. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்... நாய் கம்பியைத் தாண்ட வேண்டும், துணிக் குழாய்க்குள் நுழைந்து மறுபக்கம் வர வேண்டும், வரிசையாக நட்ட குச்சிகளுக்கு நடுவே வளைந்து போக வேண்டும், சீசாப் பலகையில் ஏறி இறங்க வேண்டும். எல்லாம் நாய்தான் செய்யும். ஆனால் பக்கத்திலேயே நாமும் ஓட வேண்டும்!

எனக்கு அறுபத்தெட்டு. பொம்மிக்கு நான்கு. பஸ் ஸ்டாப்பில் குட்டியாகக் கிடைத்த நாட்டு நாய். டாக்டர் என்னை நடக்கத்தான் சொன்னார். பொம்மி வந்ததும் ஓட்டமாகிவிட்டது.

எங்கள் தகராறு எல்லாம் சீசாவில்தான். பலகையின் மறுமுனை தரையைத் தொடும்வரை நாய் காத்திருக்க வேண்டும். அதன் பிறகு, மஞ்சள் பூசிய இடத்தில் கால் வைத்து இறங்க வேண்டும். பொம்மி பாதியிலேயே குதித்துவிடுவாள். "நில்லு... நில்லு... நில்லூ!" என்று நான் கத்துவேன். அவள் இன்னும் வேகமாகக் குதிப்பாள்.

கோச் திவ்யா, வார நாட்களில் ஐ.டி. கம்பெனி, ஞாயிறானால் நாய்கள். அந்தப் பெண் எத்தனையோ தடவை சொல்லிவிட்டாள்: "அங்கிள், அது உங்க வாயைக் கேக்கறதில்லைங்க. காலைப் பாக்குது. நீங்க ஓடறீங்க, அதுவும் ஓடுது."

தலையாட்டுவேன். அடுத்த நிமிடம் ஓடுவேன்.

போன போட்டியில் கத்திய கத்தலில் எனக்குத் தலை சுற்றிவிட்டது. என் மனைவி சரசு மைதானத்திலேயே ஹேண்ட்பேக்கைத் திறந்து பி.பி. மிஷினை எடுத்தாள். நூற்று எழுபத்தெட்டு.

"ஏனுங்க, நாயப் பழக்குறீங்களா, உசுர உட்டுப்போடப் பாக்குறீங்களா?"

தீர்ப்பும் அங்கேயே. இன்னும் ஒரே ஒரு போட்டி. அதிலும் கத்தினால் பொம்மி பல்லடத்துக்கு! என் மகளின் மாமனாருக்கு அங்கே கோழிப் பண்ணை. தீவன மூட்டை களவு போகிறது என்று காவலுக்கு நாய் தேடிக்கொண்டிருந்தார். சரசு போனிலேயே வாக்குக் கொடுத்துவிட்டாள். சொல்லி முடித்து வீட்டுக்கு வந்ததும், பொம்மிக்குத் தினமும் போடும் முட்டையை உரிக்க உட்கார்ந்தவள் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. அவளுக்கு மட்டும் ஆசையா என்ன? பயம்.

ஞாயிற்றுக்கு வருவோம். எங்கள் முறை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினேன். கம்பிகள் ஆயிற்று. குழாய் ஆயிற்று. குச்சிகளும் ஆயிற்று. எதிரே சீசா. பொம்மி ஏறிவிட்டாள். தொண்டைவரை வந்துவிட்டது அந்த 'நில்லு'...

அப்போதுதான் பார்த்தேன். கயிற்றுக்கு அந்தப் பக்கம் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. சம்பந்தி! கையில் புதுச் சங்கிலி.

சம்பந்தி வந்து நிற்கிறார், நான் பாட்டுக்கு ஓடினால்? பெண்ணைக் கொடுத்த இடம். 'கண்டுக்காமப் போனாருங்க' என்று ஒரு வார்த்தை கிளம்பினால், அடுத்த மூன்று விசேஷத்துக்கு அதுதான் பேச்சு. யோசிக்கக்கூட இல்லை. கால்கள் தாமாக நின்றன. கைகள் தாமாகக் குவிந்தன.

மெதுவாகத் திரும்பினேன்.

பொம்மி பலகையில் நின்றுகொண்டிருந்தாள். என் காலையே பார்த்தபடி. பலகை நிதானமாகச் சாய்ந்து... டக்! தரையைத் தொட்டது. முன்னங்கால் இரண்டும் மஞ்சளில். அப்போதும் நகரவில்லை.

"அங்கிள், கும்பிட்டது போதுங்க! ஓடுங்க!" என்று திவ்யாதான் கத்தினாள்.

ஓடினேன். மிச்சமிருந்த கம்பிகளைத் தாண்டி முடித்தோம். ஒன்பது நாய்களில் ஆறாவது இடம். சீசாவில் ஒரு புள்ளிகூடக் குறையவில்லை. நான் வாயே திறக்கவில்லை.

சம்பந்தி கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். "ஏனுங்க சம்பந்தி, ஓட்டத்துக்கு நடுவுல எனக்கெதுக்குங்க கும்பிடு? நானென்ன கோவிச்சுக்கவா போறேன்?"

"கோவிச்சுக்குவீங்கண்ணா" என்றாள் சரசு. "காதுகுத்துல உங்களுக்கு ரெண்டாவதா சந்தனம் குடுத்ததுக்கு ஆறு மாசம் போனே எடுக்கலீங்களே!"

அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்திலிருந்த லாப்ரடார் குரைத்தது.

சரசு மிஷினை என் கையில் மாட்டினாள். நூற்று முப்பத்தாறு. நம்பாமல் இன்னொரு தடவை பார்த்தாள். நூற்று முப்பத்து நான்கு. மிஷினைப் பைக்குள் போட்டுவிட்டுக் குனிந்து, "வா அம்மணி, ஊட்டுக்குப் போலாம்" என்றாள். என்னிடமல்ல. பொம்மியிடம்.

மூன்று வாரமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது எதுவோ அப்போதுதான் எழுந்து போனது. அங்கேயே, ஈரப் புல் மேல், வேட்டி மாதிரி மடித்துக் கட்ட முடியாத டிராக் பேன்ட்டோடு உட்கார்ந்துவிட்டேன்.

வீடு திரும்பும்போது சிக்னலில் பின்னால் ஒருவர் ஹார்ன் அடித்துக்கொண்டே, "என்ன அவசரமுங்க?" என்று பக்கத்து வண்டிக்காரரைக் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. நாமெல்லாம் இப்படித்தானே? ஓடிக்கொண்டே அடுத்தவரைப் பொறுமையாக இருக்கச் சொல்கிறோம். பிள்ளைகளிடம், மனைவியிடம், நாயிடம். பொறுமையை வாயால் கொடுக்க முடியாது போலிருக்கிறது. முதலில் நம் கால் நிற்க வேண்டும். அறுபத்தெட்டு வயதுக்கு இது கொஞ்சம் தாமதமான பாடம்தான். பரவாயில்லை.

ஆனால் ஒன்று. வாக்குக் கொடுத்து வரவழைத்த சம்பந்தியை வெறுங்கையோடு பல்லடம் அனுப்ப முடியுமா?

தீவன அறைக்கு இரண்டு கேமரா, பொருத்துக்கூலியும் சேர்த்து: ஏழாயிரத்து நானூற்று ஐம்பது ரூபாய்.