வயர்மேன் போட்ட முழங்கால்

ஊரில் பாதி வீட்டுக்கு வெளிச்சம் கொடுத்தவர் வயர்மேன். அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. ஞானஸ்நானத்தின்போது பெரிய புனிதர் ஒருவரின் பெயரைத்தான் வைத்தார்கள். ஆனால் அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். ஸ்விட்சைத் தட்டி விளக்கு எரியவில்லை என்றால் எல்லார் வாயிலும் வருவது "வயர்மேனைக் கூப்பிடு" என்பதுதான். ஏணியைத் தோளில் சாத்திக்கொண்டு வருவார். கையை விட வாய் அதிகம் வேலை செய்யும். இருந்தாலும் போகும்போது விளக்கு எரிந்துகொண்டிருக்கும்.

அப்பேர்ப்பட்ட மனிதர் ஒரே ஒரு இடத்தில் மட்டும் கரண்டை விடமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். கோயிலில் நற்கருணைப் பேழைக்கு முன்னால் இரவும் பகலும் ஒரு சிவப்பு விளக்கு எரியுமே, ஆண்டவர் உள்ளே இருக்கிறார் என்பதற்கு அடையாளமாக, அது எண்ணெயில்தான் எரிய வேண்டும் என்பது அவர் கட்சி. பங்குச்சாமியார் ஒருநாள் கூப்பிட்டு, எண்ணெய் ஊற்ற ஆளில்லை, ஒரு பல்பைப் போட்டுவிடுங்கள் என்றார்.

"கரண்டு என் பொழப்பு சாமி. ஆண்டவருக்கு நெருப்புதான். மன்னிச்சுக்கோங்க."

சாமியார் மன்னித்தார், மன்னித்துவிட்டு வேறு ஆளை வைத்துப் பல்பைப் போட்டுக்கொண்டார். வயர்மேன் அடுத்த ஞாயிறு முதல் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு ஊரின் மறுகோடிக்குப் பஸ் மாறிப் போக ஆரம்பித்தார். அங்கே ஒரு சின்னக் கோயிலில், வயதான சாமியார் ஒருவர் பழைய முறைப்படி லத்தீனில் பூசை வைத்துக்கொண்டிருந்தார்.

"ஒரு பல்புக்காக இவ்வளவு தூரமா?" என்று அவர் மனைவி வழியெல்லாம் பொருமினாள். அவள் தையல்காரி, வாய்க்குள் குண்டூசியை வைத்துக்கொண்டே மனதில் பட்டதைச் சொல்லிவிடுவாள். ஆனால் போன இடத்தில் அந்த அமைதியும், சாமியார் பீடத்தைப் பார்த்து நின்று மெதுவாக முணுமுணுக்கிற மந்திரங்களும் அவளையே கட்டிப்போட்டுவிட்டன. கோபத்தில் போனவர்கள் ருசி கண்டுவிட்டார்கள். மூன்றாவது வாரம் மனைவி தானே மூன்று முக்காடு தைத்துவிட்டாள். இரண்டு அவளுக்கு, ஒன்று மகளுக்கு.

மகளை எல்லாரும் பூனைக்காரி என்பார்கள். தெருவில் எந்தப் பூனைக்குக் கால் நொண்டினாலும் அது நேரே அவளைத் தேடித்தான் வரும். ஒருதடவை பிரசங்கத்தின் நடுவே அவள் பையிலிருந்து 'மியாவ்' என்று சத்தம் வந்தது. கிழட்டுச் சாமியார் பிரசங்கத்தை நிறுத்தி, "அதுவும் கேட்கட்டும்" என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்தார்.

பள்ளிக்கூடம் முடிந்ததும் அவளுக்கு இரண்டு இடம் கிடைத்தது. ஒன்று, வேறு நகரத்தில் அரசாங்கத்தின் கால்நடை மருத்துவக் கல்லூரி. சின்ன வயதிலிருந்து அவள் கனவு கண்டது அதைத்தான். இன்னொன்று கத்தோலிக்கக் கல்லூரி. அங்கே மாட்டையும் பூனையையும் புத்தகத்தில் பார்க்கலாம், விலங்கியல் பட்டம் வாங்கலாம், வைத்தியம் பார்க்க முடியாது.

"நம்ம காலேஜ்தான்" என்றார் வயர்மேன். அவர் பிடித்த முயலுக்கு மூன்று கால்.

அவர் பயத்துக்குக் காரணம் இருந்தது. தங்கை மகன் வெளியூர்க் கல்லூரிக்குப் போய்த் திரும்பியவன், வீட்டில் எல்லாரும் ஜெபமாலை சொல்லும்போது சோபாவில் காலை நீட்டிப் போனைத் தடவிக்கொண்டிருந்தான். யாராவது கேட்டால், "நீங்க சொல்லுங்க, நான் தொந்தரவு பண்ணல" என்பான். அவன் கெட்டவன் இல்லை, அதுதான் வயர்மேனுக்கு வலித்தது. தூக்கி வளர்த்த பிள்ளை, அடுத்த நாற்காலியில் இருந்துகொண்டே கண்காணாத இடத்துக்குப் போய்விட்டான். பூனைக்காரியும் அப்படிப் போய்விட்டால் தான் தாங்க மாட்டோம் என்று அவருக்குத் தெரியும்.

மகள் மல்லுக்கு நிற்பாள் என்று எதிர்பார்த்தார். அவளோ, "சரிப்பா" என்று சொல்லிவிட்டுப் பூனைக்குக் கட்டுப் போடப் போய்விட்டாள். அந்த ஒரு வார்த்தை அவருக்கு முள் மாதிரி தைத்தது. சண்டை போட்டிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

சேர்வதற்கு முன்னால் பார்த்துவிட்டு வரலாம் என்று மூவரும் கிளம்பினார்கள். கல்லூரி வாசலில் மாதா சுரூபம். கட்டடத்துக்கு ஒரு புனிதர் பெயர். வயர்மேன் மனைவியைப் பார்த்து, 'நான் சொன்னேன்ல' என்று புருவத்தைத் தூக்கினார். சுற்றிக்காட்ட வந்த மாணவி தங்கமான பெண். நூலகம், விடுதி, ஆய்வுக்கூடம் என்று சளைக்காமல் காட்டினாள். வயர்மேன் ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்.

"கோயில் எங்கம்மா?"

அந்தப் பெண் பதில் சொல்வதற்குள் அவரே பார்த்துவிட்டார். கூரான கல் வளைவு, உச்சியில் சிலுவை, உயரமான மரக்கதவு. விறுவிறுவென்று உள்ளே போனார். வெயிலிலிருந்து வந்த கண்ணுக்கு உள்ளே இருட்டு. மேலே வண்ணக் கண்ணாடி. எதிர்க்கோடியில், பீடம் இருக்க வேண்டிய இடத்தில், நின்று எரிகிறது ஒரு சிவப்பு வெளிச்சம்.

"சேசு மரி சூசையே" என்று உருகிப்போனார் வயர்மேன். அப்படியே நடுவழியில் இரண்டு முழங்காலும் தரையில் பட விழுந்தார். நெஞ்சில் தட்டிக்கொண்டார். தலை தாழ்ந்தது. மகளும் பக்கத்தில் வந்து முழங்கால் போடுவது தெரிந்தது. அவர் மனசு நிறைந்துவிட்டது.

அப்போது ஆண்டவர் இருக்கிற இடத்திலிருந்து 'கிர்ர்ர்' என்று ஒரு சத்தம் வந்தது.

நிமிர்ந்து பார்த்தார். கண் இப்போது இருட்டுக்குப் பழகியிருந்தது. மேசைகள், நாற்காலிகள், கம்ப்யூட்டரோடு பிள்ளைகள். எதிர்க்கோடியில் ஆளுயரத்துக்கு ஒரு காபி மிஷின். அதன் நெற்றியில் சிவப்பு பல்பு. காகிதக் கோப்பையோடு ஒரு பையன் மிஷினுக்கும் இவருக்கும் நடுவே குறுக்கே போகலாமா கூடாதா என்று தெரியாமல், மரியாதையாகக் காத்துக்கொண்டிருந்தான்.

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற மனிதரைப் பார்த்திருக்கிறோம். இவருக்குச் சிவந்ததெல்லாம் திருவிளக்கு. அதுவும் யார்? பல்பிலேயே பிறந்து பல்பிலேயே வளர்ந்த வயர்மேன்! வாசலில் நின்ற மனைவி முந்தியே பார்த்துவிட்டாள். "என்னங்க... என்னங்க..." என்று அடிக்குரலில் கூப்பிட்டது பக்தியில் இருந்தவர் காதில் விழவில்லை.

"இது இப்ப படிக்கிற ஹால், கோயிலை மேல மாடிக்கு மாத்திட்டாங்க அங்கிள்" என்றாள் அந்தப் பெண், சிரிப்பை அடக்கிக்கொண்டு. "சின்ன ரூம்தான். பூட்டியிருக்கும். சாவி யார்கிட்ட இருக்குன்னு கேட்டுட்டு வரவா?"

"வேண்டாம்மா" என்றார். முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்தவருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மகள் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பையன் அவசரமாகக் காபி பிடித்தான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மூவரும் ஒரே இருக்கையில் உட்கார்ந்தார்கள். மனைவி ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். தோள் குலுங்கியதை வைத்து அவள் சிரிக்கிறாள் என்று கண்டுபிடித்தார். அதைப் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது வேறு ஒன்று.

"ஏம்மா, உனக்கும் கண்ணு தெரியலையா?"

"தெரிஞ்சுதுப்பா. உள்ள நுழையும்போதே காபி வாசனை அடிச்சுது."

"தெரிஞ்சுமா முழங்கால் போட்ட?"

"நீங்க போட்டுட்டீங்களே. அத்தனை பேர் பாக்குறாங்க. உங்களைத் தனியா விடுறதா?"

வயர்மேன் வெளியே பார்த்தார். மரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. தங்கை மகன் அங்கே இருந்திருந்தால் என்ன செய்திருப்பான் என்று நினைத்தார். சிரித்திருப்பான், அல்லது தெரியாதவன் மாதிரி நின்றிருப்பான். இவளோ, தன் வயசுப் பிள்ளைகள் அத்தனை பேர் பார்க்க, அப்பாவுக்காக ஒரு காபி மிஷினுக்கு முன்னால் மண்டியிட்டிருக்கிறாள். இவளைக் காப்பாற்றவா சுவரும் கோபுரமும் தேடி அலைந்தேன் என்று அவருக்குத் தன் மேலேயே வெட்கமாக வந்தது. கண் கலங்கியது. தூசி என்று சொல்லிக் கைக்குட்டையை எடுத்தார்.

"அந்த மாட்டு டாக்டர் காலேஜ் ஊர்ல..." என்று இழுத்தார், "நம்ம லத்தீன் பூசை எங்கயாவது இருக்காம்மா?"

"இருக்குப்பா. முதியோர் இல்லத்துக் கோயில்ல. ஞாயித்துக்கிழமை மத்தியானம்."

"எப்படி தெரியும்?"

"இடம் கிடைச்ச அன்னிக்கே விசாரிச்சுட்டேன்."

"அடிப்பாவி!" என்று மனைவி திரும்பினாள். "அப்பவே சொல்றதுக்கு என்ன?"

"காலேஜ்ல கோயில் இருக்கான்னுதான் அப்பா கேட்டாரு. நான் பூசைக்குப் போவேனான்னு கேக்கவே இல்லையே."

வயர்மேன் கைக்குட்டையை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

பூனைக்காரி அந்த நகரத்துக்கே போனாள். முதல் ஞாயிறு மாலை போன் வந்தது. கன்றுக்குட்டிக்கு ஊசி போடுவதைப் பார்த்தது, விடுதிச் சாப்பாட்டில் உப்பில்லாதது எல்லாம் அம்மாவிடம் ஒப்பித்து முடித்தாள். வயர்மேன் போனைப் பிடுங்கினார்.

"பூசைக்குப் போனியா?"

"போனேன்பா. பாட்டி தாத்தாங்கதான் கூட்டம். நான் ஒருத்திதான் சின்னப் பொண்ணு."

"விளக்கு எரியுதா?"

"எரியுது. ஆனா... கரண்டுப்பா. அதுவும் விட்டு விட்டு எரியுது."

அடுத்த சனிக்கிழமையே வயர்மேன் கிளம்பிவிட்டார். பையில் ஒரு எண்ணெய் விளக்கு, சிவப்புக் கண்ணாடியோடு, துண்டில் சுற்றி. கருவிகள் பழக்கதோஷத்தில் கூடவே வந்தன.

இல்லத்துக் கன்னியாஸ்திரி விளக்கைப் பார்த்து, "அழகா இருக்கு" என்றார். பிறகு கோயிலின் பின்வரிசையைக் கையால் காட்டினார். சக்கர நாற்காலிகளில் முதியவர்கள். சிலர் பக்கத்தில் ஆக்சிஜன் சிலிண்டர், மூக்கில் குழாய். "இவங்க இங்க உக்காந்து ஜெபிக்கணும்னா உள்ள நெருப்பு வைக்க முடியாது. அதனாலதான் பல்பு."

வயர்மேன் அந்த மூக்குக் குழாய்களைப் பார்த்துக்கொண்டே நின்றார். விளக்கைத் துண்டில் சுற்றித் திரும்ப வைத்தார். ஏணி கேட்டார். கூட வந்திருந்த மகள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

ஹோல்டர் தளர்ந்திருந்தது, வயர் கருகியிருந்தது. தன் பையிலிருந்தே புதிய ஹோல்டர் எடுத்துப் போட்டார். எத்தனையோ ஆயிரம் பல்பு மாட்டியவர், இந்த ஒன்றை மட்டும் சட்டை நுனியால் துடைத்து மாட்டினார். கீழே இறங்கி ஸ்விட்சைப் போட்டார். சிவப்பாக, ஆடாமல் அசையாமல் எரிந்தது.

பூனைக்காரி ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த கையை எடுத்தாள். கையில் இன்னும் மாட்டுக் கொட்டகை வாசனை. அம்மா தைத்த முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"இது மிஷின் இல்லையேப்பா? நல்லா பாத்துட்டீங்களா?"

வயர்மேன் கோயிலுக்குள் சிரித்தது அதுதான் முதல் தடவை. அவர் சிரித்து முடிப்பதற்குள் மகள் முழங்கால் போட்டிருந்தாள். கருவிப் பையைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு முழங்காலும் தரையில் பட, அவள் பக்கத்தில் அவரும் போட்டார். அவளைத் தனியாக விடுவாரா?