மண்டை மாஸ்டரும் கட்டைச் செருப்பும்

சில கடைகளில் வெள்ளைப் பீங்கான் தலை ஒன்றை அலங்காரப் பொருளாக வைத்திருக்கிறார்கள். வழுக்கை மண்டை முழுக்கக் கறுப்புக் கோடு போட்டு, கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஏதாவது எழுதியிருக்கும். வாங்குகிறவர்கள் மேசையில் வைத்து அழகு பார்க்கிறார்கள். எனக்கோ அதைக் கண்டால் தூக்கித் தரையில் போட வேண்டும் என்று கை பரபரக்கும். இந்த வயதில் இந்த ஆத்திரம் ஆகாது என்று மகள் கடிந்துகொள்கிறாள். ஆகாதுதான். ஆனால் அவள் மண்டையை யாரும் தடவிப் பார்த்து விலை வைக்கவில்லையே.

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வரவிருந்த வருடம் அது. எனக்குப் பன்னிரண்டு வயது, தம்பிக்குப் பதினொன்று. மலாக்காவில், காஜா பேராங்கில் ஒரு பலகை வீட்டில் இருந்தோம். அப்பா தண்ணீர் இலாகாவில் குழாய் பதிக்கிறவர்களை மேய்க்கும் மண்டோர். என்னை ஒரு வருடம் தாமதமாகப் பள்ளியில் போட்டதால் நானும் தம்பியும் ஒரே வகுப்பு, தமிழ்ப் பள்ளியில் ஆறாவது. வகுப்பில் நான் முதலாவது. தம்பி எத்தனையாவது என்று யாரும் கேட்பதில்லை, அவனும் சொல்வதில்லை. அவன் நல்ல பிள்ளை. பள்ளிக்கூடத்தைத் தவிர எல்லா இடத்திலும் சந்தோஷமாக இருப்பான்.

சாப்பிடும்போது அப்பா அன்றைய வேலையைப் பற்றிப் பேசுவார். எந்தத் தெருவில் குழாய் உடைந்தது, எங்கிருந்து எங்கே தண்ணீர் போகிறது, எந்த முக்கில் அடைப்பு என்று சொல்லிக்கொண்டே போவார். கேட்கக் கேட்க எனக்குத் தரைக்கு அடியில் ஓடுவதெல்லாம் கண்ணில் தெரிகிற மாதிரி இருக்கும். பழைய நாள்காட்டித் தாள்களை ஒட்டி, பின்பக்கத்தில், எங்கள் வீட்டிலிருந்து கிளேபாங் வரைக்கும் குழாய்கள் போகும் வழியை வரைந்து வைத்திருந்தேன். பெரிய குழாய் தடித்த கோடு, சின்னக் குழாய் மெல்லிய கோடு. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, நானாகக் கண்டுபிடித்த முறை. அப்பா ஒருநாள் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்து வேலைக்கு எடுத்துப்போனார். கூட்டாளிகளிடம் காட்டிவிட்டு, திரும்பி வந்தபோது எனக்கு ஒரு கலர்ப் பென்சில் பெட்டி வாங்கி வந்தார். இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் மூளை எப்படிப்பட்டது என்று அவருக்குத் தெரியாமல் இல்லை.

அந்த வருடம் பள்ளித் தலைமையாசிரியர் ஒரு ஏற்பாடு செய்தார். ஆங்கிலப் பள்ளிக்குப் போக விரும்பும் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் தனி வகுப்பு. இருந்ததோ நாலைந்து பெஞ்சு. ஆகவே வீட்டுக்கு ஒரு பிள்ளை, அதற்கு மேல் இடமில்லை. திங்கட்கிழமை பெயர் கொடுக்க வேண்டும். அந்த வகுப்பில் இல்லாதவர்களுக்கு ஆறாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. எங்கள் வீட்டிலிருந்து யார் போவது என்று எனக்குச் சந்தேகமே இல்லை. தம்பிக்கும் இல்லை. நான் போனால் மாலையில் கோலி விளையாட ஒரு தொல்லை குறையும் என்று அவன் காத்திருந்தான்.

மாசி மகத்துக்கு எல்லாரும் செங் மலைக் கோயிலுக்குப் போனோம். முந்திய வருடம் எங்கள் இருவருக்கும் டைபாய்டு வந்து பிழைத்ததற்கு முடி இறக்குவதாக அம்மா வேண்டியிருந்தாள். பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு மொட்டை. அதற்கே நான் மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. அந்த வாரம் எங்கள் தெருவில் பாதிப் பிள்ளைகள் மொட்டைதான். சந்தனம் பூசிய தலைகள் வரிசையாகக் குழாயடியில் நிற்கும். பக்கத்து வீட்டில் மலாய் பேசும் மலாக்கா செட்டிக் குடும்பம். அந்த வீட்டு அம்மாளை நாங்கள் பீபி என்று கூப்பிடுவோம். அவர் எங்களைப் பார்க்கும்போதெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்.

மொட்டை மண்டைகள் மலிந்த இந்த வாரத்துக்காகவே ஒரு ஆள் வருடா வருடம் பினாங்கிலிருந்து வருவார். வெள்ளைக் கோட்டு, பச்சை மைப் பேனா, தோல் பெட்டி. பெட்டிக்குள் நான் சொன்ன அந்தப் பீங்கான் தலை. மண்டையின் மேடு பள்ளத்தைத் தடவிப் பார்த்து உள்ளே இருக்கும் மூளை எதற்கு லாயக்கு என்று சொல்லிவிடுவார். கேட்டால் சீமை விஞ்ஞானம் என்பார். முடி இருந்தால் விரல் ஏமாந்துவிடுமாம். கோயிலுக்குப் போய்விட்டு வந்த கையோடு இந்த விஞ்ஞானத்துக்கும் தலையைக் காட்டிவிடுவது எங்கள் ஆட்களுக்கு வழக்கமாகிவிட்டது. பிள்ளைகள் நாங்கள் அவருக்கு மண்டை மாஸ்டர் என்று பெயர் வைத்திருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் எங்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தது. அன்று காலையில்தான் தம்பி என் குழாய்ப் படத்தைக் கிழித்துப் பட்டம் செய்துவிட்டான். பட்டமும் பறக்கவில்லை. எனக்குக் கண்மண் தெரியவில்லை. குளியலறை வாசலில் கிடந்த கட்டைச் செருப்பை எடுத்து வீசினேன். குறி தப்பவில்லை. அவன் வலது காதுக்கு மேலே ஒரு எலுமிச்சம்பழம் முளைத்தது. அழ வாயைத் திறந்தவன், ஏன் அடித்தாள் என்று அப்பா கேட்பாரே என்று யோசித்து மூடிக்கொண்டான். படத்தைக் கிழித்ததற்கு அவனுக்கு ரோத்தான் பிரம்பால் அடி, செருப்பை எறிந்ததற்கு எனக்கு ரோத்தான். இரண்டு பேரும் சந்தனத்தை அப்பி மறைத்துவிட்டு வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டோம்.

மாஸ்டர் வந்தார். அப்பா அவரை வாசலிலேயே நிறுத்திக் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தார். பிறகு மாஸ்டர் உள்ளே வந்து பீங்கான் தலையைக் காப்பி மேசை மேல் வைத்தார். பீபி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்து, "கெப்பாலா பூன் போலே பாச்சா?" என்று கேட்டார். தலையைக்கூட வாசிக்க முடியுமா என்கிறார். அன்று எங்கள் தெருவில் பேசப்பட்ட ஒரே அறிவுள்ள வார்த்தை அதுதான். எல்லாரும் சிரித்தோம், அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

முதலில் என் தலை. விரல்கள் ஊர்ந்தன, நாடா அளந்தது. பின் மண்டை தட்டையாம். கற்பனை இருக்க வேண்டிய இடத்தில் பள்ளமாம். குடும்பப் பாசத்துக்கான இடம் மட்டும் நன்றாகப் புடைத்திருக்கிறதாம். வீட்டு வேலைக்கும் பிள்ளை வளர்ப்புக்கும் ஏற்ற மூளை, படிப்பைத் திணித்தால் நரம்பு தளர்ந்துவிடும் என்று பச்சை மையில் எழுதினார். பிறகு தம்பி. விரல் காதுக்கு மேலே போனதும் நின்றது. தம்பி பல்லைக் கடித்துக்கொண்டான். மாஸ்டர் கண்ணை மூடி, தலையை ஆட்டி, இப்படி ஒரு மேட்டைத் தாம் பார்த்ததே இல்லை என்றார். கணக்குக்கும் புதியன படைப்பதற்கும் உரிய இடமாம் அது. இந்தப் பையன் இஞ்சினியர் ஆகாவிட்டால் தாம் இந்தத் தொழிலையே விட்டுவிடுவதாகச் சத்தியம் செய்தார்.

என் செருப்படிதான் அந்தக் கணக்கு மூளை! காலையில் நான் கொடுத்தது! எனக்குத் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. சுவரில் ரோத்தான் தொங்கிக்கொண்டிருந்தது. விழுங்கிக்கொண்டேன். அப்பா தம்பியின் பெயரைத் தாளில் எழுதி மடித்தார். அவன் என்னைப் பார்த்த பார்வையில் என் துக்கத்தைவிடப் பெரிய துக்கம் இருந்தது.

இப்போது எல்லாரும் சொல்கிறார்கள், மண்டை ஓட்டின் மேட்டுக்கும் உள்ளே இருக்கும் மூளைக்கும் சம்பந்தமே இல்லை என்று. பழகப் பழக மூளை தன்னை மாற்றிக்கொள்ளுமாம். எந்த வயதில் புதிதாக ஒன்றைக் கற்றாலும், அப்பா புதுக் குழாய் பதித்த மாதிரி, உள்ளே புது வழி போட்டுக்கொள்ளுமாம். எனக்கு அதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. நாற்பது வயதுக்கு மேல் உடை வெட்டக் கற்றுக்கொண்டு நானாக மாதிரிகள் வரைந்தேன். ஐம்பதில் ஆங்கிலம் எழுத்துக் கூட்டி வாசித்தேன். கேட்கிறவர்கள் கைதட்டுகிறார்கள். கைதட்டல் யாருக்கு வேண்டும்? பன்னிரண்டில் கிடைத்திருக்க வேண்டியதை ஐம்பதில் பிச்சை எடுத்த மாதிரி வாங்கியதில் என்ன பெருமை இருக்கிறது?

அன்று நான் அழவில்லை. மாஸ்டர் விஞ்ஞானி அல்லவா, உண்மையைச் சொன்னால் திருத்தி எழுதிக் கொடுத்துவிடுவார் என்று நம்பினேன். புறவாசல் வழியாக ஓடினேன். சாலை முக்கில் தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்திருந்தார். பெட்டி காலடியில் இருந்தது. மூச்சு வாங்க, "சார், அது மூளை இல்ல சார், வீக்கம். நான்தான் கட்டைச் செருப்பால அடிச்சேன்" என்றேன்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "தெரியும் பாப்பா. தொட்டப்பவே சுட்டுச்சே."

"அப்புறம் ஏன் சார் அப்படிச் சொன்னீங்க?"

அவர் தேத்தண்ணியைக் கலக்கினார். நன்றாகக் கலந்த பிறகும் கலக்கினார். "போய் ஒங்க அப்பாவக் கேளு" என்றார்.

இதைவிட வேறென்ன வேண்டும்? ஏமாற்றியதை அவரே ஒப்புக்கொண்டுவிட்டார். காற்றில் பறந்து வீட்டுக்கு வந்தேன். அப்பாவும் அம்மாவும் சமையல்கட்டில் இருந்தார்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். படம் கிழிந்தது, செருப்பு பறந்தது, மாஸ்டருக்குத் தெரிந்தே இருந்தது, எதையும் விடவில்லை. பிறகு நானே போய் ரோத்தானை எடுத்து வந்து அப்பாவிடம் நீட்டினேன். அடி வாங்கிக்கொண்டால் கணக்குத் தீர்ந்துவிடும், பெயர் மாறிவிடும் என்று எண்ணம்.

அப்பா அதைக் கையில் வாங்கவில்லை. அம்மாவைப் பார்த்தார். அம்மாவுக்கு அப்போது ஏழு மாதம். போன இரண்டு பிரசவத்திலும் பிள்ளை தங்காமல், படுக்கையிலிருந்து எழ அவளுக்கு மாதக்கணக்காகியிருந்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அரிசி களையத் தொடங்கினாள்.

வாசலில் மாஸ்டரை நிறுத்தி அப்பா என்ன பேசினார் என்பதை அம்மா எனக்குச் சொன்னது என் கல்யாணத்துக்கு அப்புறம். பெண்ணுக்குப் படிப்பு ஆகாது என்று நீங்கள் சொல்லிவிடுங்கள், நான் சொன்னால் அவள் கேட்க மாட்டாள் என்றாராம். வகுப்பில் முதலாவது வருகிற பிள்ளையின் முகத்தைப் பார்த்து, நீ வீட்டில் இரு, அம்மாவால் முடியவில்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன், அழுதிருப்பேன், கடைசியில் இருந்தும் இருப்பேன். ஆனால் என் மூளையின் மேல் பழி போட்டுத்தான் என்னை உட்கார வைக்க வேண்டும் என்று நினைத்தாரே, அதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. தங்கை பிறந்தாள், என் இடுப்பில் வளர்ந்தாள். எனக்குள் கற்பனையே இல்லை என்று நானே பல வருடம் நம்பினேன். தம்பி, பாவம், வராத கணக்கோடு இரண்டு வருடம் மல்லுக்கட்டிவிட்டு லாரியில் வேலைக்குப் போனான்.

அன்றைக்கு எனக்கு இதில் எதுவும் தெரியாது. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் அப்படி நின்று நான் பார்த்ததே இல்லை. படித்த ஆள் என்று நம்பி ஏமாந்துவிட்டாரே, அந்த வெட்கம்தான் என்று நினைத்தேன். அப்பாவைப் போய் ஒருவன் ஏமாற்றிவிட்டானே என்று எனக்குப் பொறுக்கவில்லை. பக்கத்தில் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க கவலப்படாதீங்கப்பா. இத நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றேன்.